கம்ப்யூட்டர் கிளம்ப மறுக்கிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் கிளம்ப மறுத்தால், பழுதைவிட அது தெரிந்த முதல் அரை மணி நேரத்தில் நாம் செய்யும் காரியங்களே அதிகச் சேதம் செய்கின்றன. பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறோம். யூடியூபில் யாரோ சொன்ன கட்டளையை அடித்துப் பார்க்கிறோம். கடைசியில் தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணித் தந்துடறேன்" என்கிறார்கள், தலையாட்டுகிறோம். மாலையில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும் அப்பாவின் பென்ஷன் கடிதங்களும் பல வருட வருமானவரிக் கணக்கும் மட்டும் அதில் இல்லை.

மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம். ராம், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர் எல்லாமே கடையில் கிடைக்கிற பொருள்கள்தான். உங்கள் கோப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் எதைச் செய்வதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் என் கோப்புகளுக்கு ஆபத்து உண்டா? கீழே உள்ளவை ஆபத்தே இல்லாத வேலைகளில் தொடங்கி, யோசித்துச் செய்ய வேண்டியவை நோக்கிப் போகின்றன. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வேலைகள் நடக்கின்றன. முதலில் எஸ்.எம்.பி.எஸ். சரியான மின்னழுத்தம் தயார் என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது. பிறகு மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் விழித்து பிராசஸர், ராம், திரை ஆகியவற்றைச் சோதிக்கிறது. அதன்பின் எந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடுகிறது. கண்டுபிடித்ததும் பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. இந்த ஓட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பழுது. லைட்கூட எரியவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸ் லோகோ வரை வந்துவிட்டது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை:

• திரையில் எந்த எழுத்து வந்தாலும் அது மறைவதற்குள் போனில் படம் எடுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்றால் யாராலும் உதவ முடியாது. அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது.

• கடைசியாக ஒழுங்காக ஓடியதற்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். கரண்ட் போய் வந்ததா? புது ராம் போட்டீர்களா? அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததா? ஆயுதபூஜைக்காக மேஜையை நகர்த்தித் துடைத்தீர்களா? பூஜைக்கு மறுநாள் கிளம்பாத கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரு கேபிள் தளர்ந்திருக்கும்.

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது.

செய்யக்கூடாதது: பட்டனை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருப்பது. டிஸ்க்தான் பழுது என்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் அதன் மிச்ச ஆயுளைக் குறைக்கும்.

லைட்டே எரியவில்லை என்றால்

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பிறகு யூ.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை நேரடியாகச் சுவர் பாயிண்டில் போடுங்கள். நம் வீடுகளில் இந்த ஒரு சோதனையிலேயே பல வழக்குகள் முடிந்துவிடும். வீட்டு யூ.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவில் ஒரு சிறிய லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சுமை ஏறியதும் யூ.பி.எஸ். மடங்கிவிடும். பழியை ஏற்பது கம்ப்யூட்டர்.

கேபினட்டின் பின்பக்கம், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். துடைக்கும்போது அது அணைந்திருக்கலாம். பவர் கார்டையும் வேறொன்று மாற்றிப் பாருங்கள். மானிட்டரின் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான்.

அடுத்ததாக, கார்டைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடியும். பிறகு செருகி ஆன் செய்யுங்கள். லேப்டாப்பிலும் இதுவே முதல் வைத்தியம்: சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே வருகிற மாடலாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி முயலுங்கள்.

செய்யக்கூடாதவை இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டவை.

• எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. அதற்குள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட டி.சி.யாக மாறி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்ந்து நிற்கிறது. கார்டைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று தோன்றினால் நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே சோதனை. பழுதானதைப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல பிராண்டில் புதிதாக வாங்குங்கள். மலிவான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோகக்கூடும்.

• பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் ஊரில் அதை 115 பக்கம் தள்ளி ஆன் செய்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடிக்கும்.

• கருகிய வாடை வந்தாலோ, லேப்டாப் பேட்டரி உப்பி அடிப்பாகத்தைத் தூக்கினாலோ, இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

• கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்ந்தால், மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக மாற்றும் கன்வெர்ட்டரைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் தூக்கி எறியுங்கள். இல்லையென்றால் வீட்டு எர்த்திங்கில் கோளாறு. அதற்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி நெருங்கும் முன்பே பவர் பிளக்கோடு பிராட்பேண்ட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். செம்புக் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி மோடத்தைத் தாண்டி மதர்போர்டு வரை போகும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வருகிறதா? வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. கேபிள் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் திரை வராது. இடம் மாற்றிய பிறகு வரும் புகார்களில் இதுவும் வழக்கமான ஒன்று.

அடுத்து காதைத் தீட்டுங்கள். பழைய மதர்போர்டுகள் பீப் ஒலியால் பேசும். விடாமல் நீளமாகக் கத்தினால் அநேகமாக ராம். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரித்த நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் கிடையாது. பதிலாக ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய 4 பொட்டு விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே கோளாறு. லேப்டாப்பில் கேப்ஸ் லாக் விளக்கோ பேட்டரி விளக்கோ எண்ணி எண்ணிச் சிமிட்டும். அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் கையேட்டில் தேடுங்கள்.

திரை வராத டெஸ்க்டாப்பில் வீட்டிலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ராமைக் கழற்றி மாட்டுவது. கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரமும் உப்பும் ராமின் தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படியும். அது போனால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். செய்யும் விதம் இது. பவர் கார்டைக் கழற்றுங்கள். பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ராம் பட்டையின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கியை வெளிப்பக்கம் சாய்த்தால் பட்டை தானாக எழும். இரண்டு ஓரங்களையும் பிடித்து நேராகத் தூக்குங்கள். அடியில் வரிசையாக நிற்கும் பொன்னிறக் கோடுகளைப் பாருங்கள்; மங்கலாகவோ கறை படிந்தோ இருந்தால் மிருதுவான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, உதிர்ந்த தூளை மிச்சமில்லாமல் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது பட்டையின் அடியில் உள்ள வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வர வேண்டும். இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால் "டக்" என்ற ஓசையோடு கொக்கி தானாக மூடும். அந்த ஓசை வரவில்லை என்றால் ராம் உட்காரவில்லை. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை. எது மாட்டியபோது திரை வந்ததோ அது நல்ல பட்டை.

டிடிஆர் 5 ராம் உள்ள புதிய கம்ப்யூட்டரில் ராமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை இருட்டாகவே இருக்கலாம். ராமுக்கு ஏற்ற அளவுகளை போர்டு தேடிக்கொண்டிருக்கிறது. பொறுமையாக இருங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை:

• கேபினட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வீட்டு வேக்வம் கிளீனரையும் உள்ளே நுழைக்காதீர்கள். அதன் குழாய் நிலைமின்சாரத்தை உண்டாக்கும். புளோயர் போதும். அதைப் பயன்படுத்தும்போதும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

• எறும்போ கரப்பானோ குடியேறியிருந்தால் பூச்சி மருந்தை உள்ளே அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் போர்டில் ஒட்டும், அந்த மருந்தின் வாயு தீப்பற்றக்கூடியது. உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பின்பக்கம் மூடியில்லாத ஸ்லாட் இருந்தால் அடைத்துவிடுங்கள். பல்லி நுழைவது அந்த வழியாகத்தான்.

• ராமை மாற்றிப் பார்க்க வேறு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் தலைமுறை ஒன்றா என்று பாருங்கள். டிடிஆர் 3, 4, 5 ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காராததை அழுத்தாதீர்கள், உடையப்போவது மதர்போர்டின் ஸ்லாட்.

மதர்போர்டில் வட்டமாக ஒரு ரூபாய் நாணயம் அளவில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் செல் இருக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் "எஃப் 1 அழுத்து" என்று நின்றாலோ, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டாலோ அந்த செல் தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலும் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். மாற்றுவதற்கு முன் பயாஸுக்குள் போய் டிஸ்க் சம்பந்தப்பட்ட பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போகும். டிஸ்க் இயங்கும் முறை முன்பு இருந்ததிலிருந்து மாறிவிட்டால், நன்றாக இருக்கும் விண்டோஸே கிளம்பாது. பலர் அந்த நிலையில் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்கிறார்கள். அமைப்பைப் பழையபடி வைத்தாலே போதும்.

"பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால்

முதலில் யூஎஸ்பியில் தொங்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள்: பென்டிரைவ், பிரிண்டர், கார்டு ரீடர், சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் போன். மறந்துவிட்ட ஒரு பென்டிரைவ் போதும், கம்ப்யூட்டர் விண்டோஸை அதில் தேடிவிட்டுக் கைவிரிக்க.

அதுவல்ல என்றால் பயாஸுக்குள் போங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் திறக்கும். ஹெச்.பி.யில் எஃப் 10. அங்கே உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் பூட் வரிசையில் அதை மேலே கொண்டுவாருங்கள். தெரியவில்லை என்றால் அணைத்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஸாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் வேறு கேபிள் போடுங்கள். மிக மலிவான பொருள், அடிக்கடி கெடுகிற பொருளும் அதுதான். எஸ்.எஸ்.டி. பட்டையாக இருந்தால் திருகைக் கழற்றி எடுத்து மறுபடி செருகுங்கள்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் வீட்டுப் படங்கள் தொலைவது இந்தக் கட்டத்தில்தான்.

பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. காதை அருகில் வைத்தால் சீரான இரைச்சல் கேட்க வேண்டும். அதற்குப் பதில் "டக்... டக்... டக்" என்று தாள லயத்தோடு தட்டும் ஓசை கேட்டால் முனை இடம் தெரியாமல் திணறுகிறது. அந்த நொடியே அணைத்துவிடுங்கள். முனை தட்டில் உரச ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கோப்புகள் சுரண்டப்படுகின்றன. இந்த நிலையில் நீங்கள் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுப்பதுதான். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள், நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டில் நீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம். ஒரு தூசி விழுந்தாலே முனை மோதும்.

ஓசை எதுவும் இல்லை, டிஸ்க் பயாஸில் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை என்றால் நிலைமை நல்லதுதான். பழுதுபார்ப்பதற்கு முன் கோப்புகளைக் காப்பி எடுத்துவிடுங்கள். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, உபுண்டு போன்ற லினக்ஸை வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைக் கிளப்புவது. "டிரை" என்ற தேர்வை அழுத்துங்கள். "இன்ஸ்டால்" என்பதைத் தொடாதீர்கள். தவறினால் டிஸ்க் முழுக்க அழியும். டிஸ்க் திறந்ததும் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம். ராம், மதர்போர்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணைப்பது. அப்போது விண்டோஸ் சில நேரம் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டியைக் காட்டும். கேன்சலை அழுத்துங்கள். டிஸ்க்கின் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்பதே அதன் அர்த்தம். கோப்புகள் அங்கேயே இருக்கலாம். ஓகே என்று அழுத்தினால் அவற்றை மீட்கும் வாய்ப்பை நீங்களே கெடுக்கிறீர்கள்.

காப்பி எடுக்காமல் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கின் ஒழுங்கைச் சரிசெய்யும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாக வாசிக்க வைத்தால், காப்பாற்றியிருக்கக்கூடியதும் போய்விடும்.

விண்டோஸ் தொடங்கி, முடிக்காமல் நின்றால்

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, சதவீதம் நகரவில்லை என்றால் காத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

லாகின் ஆனபின் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல நேரம் திரை வந்துவிடும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும். விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை கிளம்பத் தவறினால் அந்த நீலத் திரை தானாக வரும். அங்கே பல தேர்வுகள் இருக்கும். இந்த வரிசையில் போங்கள்: ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரெஸ்டோர், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோட். இவை நான்கும் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாதவை. கடைசியில்தான் "ரீசெட் திஸ் பிசி." அதிலும் "கீப் மை ஃபைல்ஸ்" என்பதையே தேர்ந்தெடுங்கள், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும், கோப்புகள் நிற்கும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதற்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

சேஃப் மோடின் அருமையை உலகமே 2024 ஜூலை 19 அன்று பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் சிக்கி, திரும்பத் திரும்பத் தொடங்கி நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவை நிறுவனக் கம்ப்யூட்டர்கள்தான், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அல்ல. ஆனால் தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் கிளப்பி, ஒரே ஒரு கோப்பை அழித்து, மறுபடி தொடங்குவது. கிளம்பாத கம்ப்யூட்டருக்கெல்லாம் ஃபார்மட் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அன்று பலரை மணிக்கணக்கில் தடுத்து நிறுத்திய இன்னொரு பொருள் பிட்லாக்கர் சாவி. அது வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. பயாஸை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு ஒரு திரை வரும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே உள்ளே போய், உங்கள் டிவைஸ் விவரங்களில் பார்க்கலாம். சாவி இல்லாமல் எந்த மெக்கானிக்காலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது, அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்டாலும் முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

சிறிய தகவல் ஒன்று. விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் செய்தாலும் கம்ப்யூட்டர் தன் உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை வேகமாகக் கிளம்ப. அதனால் ஷட்டவுன் செய்து ஆன் செய்தாலும் சில கோளாறுகள் அப்படியே தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாய்த் தொடங்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார மாட்டோம். இங்கும் அப்படித்தான்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது, என்ன எழுத்து வந்தது, என்ன முயன்றீர்கள் என்று சொல்லுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பாதி வேலை மிச்சம்.

• ரசீதில் "ஃபார்மட் வேண்டாம், டேட்டா வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கடைப் பையனிடம் போய்ச் சேராது.

• பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ மதர்போர்டிலோ என்று தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் லேபிளைப் படம் எடுங்கள். சீரியல் நம்பர் உங்களிடம் இருக்கட்டும்.

• மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாரண்டி இருக்கிறதா என்று அதன் எண்ணை வைத்துப் பாருங்கள். ராமுக்குப் பல நிறுவனங்கள் நீண்ட கால வாரண்டி தருகின்றன, பலர் அது தெரியாமல் புதிதாக வாங்கிவிடுகிறார்கள்.

• சென்னையில் ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பாகம் வாங்கப் போகும்போது மதர்போர்டின் மாடல் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். "கம்ப்யூட்டருக்கு ராம் கொடுங்க" என்றால் பொருந்தாத ஒன்று வீட்டுக்கு வரும்.

• திருட்டு விண்டோஸ் போட்டுத் தர அனுமதிக்காதீர்கள். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸின் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகும், காசு கேட்காது.

கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி அழைக்காதீர்கள். பதற்றத்தில் தேடுகிறவர்களுக்காகவே போலி எண்கள் போடப்பட்டிருக்கின்றன. எண் வேண்டுமானால் பில்லிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ எடுங்கள். திரை முழுக்கச் சிவப்பாகி, அபாயச் சங்கு ஊதி, "வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. யார் சொன்னாலும் தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் செயலிகளை ஏற்றாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இதை அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டது என்றால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

உங்கள் கம்ப்யூட்டர் இன்று நன்றாகக் கிளம்பியதா? அப்படியென்றால் இன்றே ஒரு வெளி டிஸ்க்கில் படங்களையும் ஆவணங்களையும் காப்பி எடுங்கள். முடிந்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்ட டிஸ்க்கை மின்னலும் தாக்கும், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேரும் பூட்டும். கழற்றி வைத்ததை இரண்டும் தொடாது.